ஆறெழுத்து அன்சாரி

1

போன மாதம் அலுவலகத்தில் என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். நான்கு பக்கம். ஜெர்மனிக்கு வந்து இருபத்தெட்டு வருடமாகிறது. குடியிருப்புப் படிவம், குழந்தை பிறந்த படிவம், குப்பைத்தொட்டி மாற்றும் படிவம் என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, இனி காகிதத்துக்குப் பயப்பட மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இதைப் படித்ததும் பயந்துவிட்டேன். ஏனென்றால் இதில் கையெழுத்துப் போட வேண்டியது நானில்லை. போட வேண்டியவன் கோட்டக்குப்பத்தில் இருக்கிறான். அவனும் நானும் பேசி இருபத்தாறு வருடமாகிறது.

தப்பு யார் மேல் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். என் மேல்தான்.

நான் வேலை பார்ப்பது வடமேற்குக் கடலோரத்தில், ஒரு வடிகால் வாரியத்தில். இந்தப் பக்கத்து நிலம் கடலைவிடத் தாழ்வு. மழை பெய்தால் தண்ணீர் தானாகக் கடலுக்குப் போகாது. கடல் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறக்க வேண்டும், மற்ற நேரத்தில் பம்ப் போட்டு வெளியே தள்ள வேண்டும். மரக்காணத்தில் என் அப்பா உப்பளத்துக்கு மோட்டார் போட்டுக் கடல்தண்ணியை உள்ளே இழுத்தார். நான் இங்கே மோட்டார் போட்டுத் தண்ணியைக் கடலுக்குத் தள்ளுகிறேன். "அப்பன் வாங்கினத புள்ள திருப்பிக் குடுக்குறான்" என்பது என் அண்ணனின் கருத்து.

மழை எங்கே பெய்தால் எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் ஏறும், எந்த மதகை எப்போது திறப்பது என்று முன்கூட்டிச் சொல்ல எங்களிடம் ஒரு கம்ப்யூட்டர் மாடல் உண்டு. நான் சேருவதற்கு ரொம்ப முன்னால், ஓய்வு பெற்றுப் போய்விட்ட யாரோ ஒருவர் எழுதியது. இந்த வருடம் அதற்கும் ஓய்வு கொடுத்துப் புதிய மாடல் எழுதுகிறார்கள். பழையதில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் என்ன, யார் எழுதியது என்று பட்டியல் கேட்டார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2

அந்தப் பழைய மாடல் எழுதப்பட்ட மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்த அயோக்கியத்தனத்தின் நயம் உங்களுக்குப் புரியாது.

கம்ப்யூட்டர் மொழி என்றதும் இப்போதைய பிள்ளைகள் சொல்லும் பெயர்கள் வேறு. நான் சொல்வது அவற்றுக்கெல்லாம் மூத்தவை. மிடாஸ், மிமிக், டைனமோ, சி.எஸ்.எம்.பி. இந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டு என் மகள் இனியா, "யார் வீட்டு நாய்ங்கப்பா?" என்றாள். அதற்கும் முன்னால் இந்த வேலையை அனலாக் யந்திரங்கள் செய்தன. பெரிய பலகை, அது நிறைய துளைகள், துளைக்குத் துளை ஒயர். ஒரு தொட்டியில் தண்ணீர் ஏறுவதைக் கணக்குப் போட வேண்டுமென்றால் ஒயரை மாற்றி மாற்றிக் குத்துவார்கள். அந்த ஒயர்க் குத்தலை எழுத்தில் செய்ய வந்தவைதான் இந்த மொழிகள்.

நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கும் எதற்கும் இவை உதவும். தொட்டித் தண்ணீர், கொதிக்கிற உலை, பறக்கிற ராக்கெட், எதுவானாலும் சரி. அது எப்படி மாறும் என்று நாம் முழுசாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது, என்ன வேகத்தில் வருகிறது, என்ன வேகத்தில் போகிறது என்று மட்டும் சொன்னால் போதும். நேரத்தைத் துளித்துளியாக நகர்த்தி மிச்சத்தை அதுவே கூட்டிக்கொள்ளும்.

நாங்கள் கல்லூரியில் படித்தது சி.எஸ்.எம்.பி. அப்போதே அது பழசு. கல்லூரி வாங்கியிருந்த யந்திரமும் பழசு. ஆனால் அந்த மொழியில் ஒரு பெருந்தன்மை இருந்தது. வரிகளை எந்த வரிசையில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். எது முன்னால் தெரிய வேண்டும், எது பின்னால் என்று அதுவே பிரித்து அடுக்கிவிடும். "தின்னான் தம்பி சோறு" என்றாலும் "சோறு தம்பி தின்னான்" என்றாலும் நமக்குப் புரிகிறதல்லவா, அந்த மாதிரி. எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொல்லிப் பழகிய எனக்கு முதல் நாளே அதைப் பிடித்துப்போனது.

ஒரே ஒரு கண்டிப்பு. எதற்குப் பெயர் வைத்தாலும் ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்குள் இருக்க வேண்டும். என் பெயர் கலியபெருமாள். ஆறோடு வெட்டினால் 'கலியா' என்று நிற்கும். அன்சாரி என்னைக் கலியா என்று கூப்பிட ஆரம்பித்தது அதிலிருந்துதான். அவன் பெயர் ஆங்கிலத்தில் சரியாக ஆறெழுத்து. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "எனக்காகவே செஞ்ச மொழிடா இது" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

3

கடைசி வருட புராஜெக்டை இரண்டு பேராகச் செய்ய வேண்டும். நானும் அன்சாரியும் மரக்காணத்து உப்பளத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது என்று முடிவு செய்தோம். யோசனை என்னுடையது. காரணம், வீட்டுக்குப் போனால் சாப்பாடு கிடைக்கும்.

சனிக்கிழமைகளில் அவன் கோட்டக்குப்பத்தில் பஸ் ஏறுவான். பொம்மையார்பாளையம், அனுமந்தை எல்லாம் தாண்டி மரக்காணம் வந்து சேரும்போது கையில் அவன் அம்மா கொடுத்தனுப்பிய பிரியாணி டப்பா இருக்கும். டப்பா எங்கள் வீட்டுக்கு, எங்கள் வீட்டு மீன்குழம்பு அவனுக்கு. அப்புறம் வெயிலில் அளத்துக்குப் போய், ஒவ்வொரு பாத்தியிலும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு உப்புத் தண்ணியின் அடர்த்தி எத்தனை டிகிரி இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வருவோம்.

உப்பளத்தில் கடல்தண்ணி நேராக உப்பு விளையும் பாத்திக்குப் போகாது. முதல் பாத்தியில் நின்று கொஞ்சம் காயும், அடுத்ததற்குப் போகும், அங்கே இன்னும் காயும், இப்படி இறங்கி இறங்கித்தான் கடைசிப் பாத்திக்கு வரும். இன்றைக்கு முதல் பாத்தியில் மழைத்தண்ணி கலந்தால் கடைசிப் பாத்திக்குச் சேதி பல நாள் கழித்துத்தான் போய்ச் சேரும். அந்தத் தாமதத்தை எப்படி எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்சாரிக்குப் பிடிபட்டது. ஒரு பாத்தி நிறைந்து அடுத்ததற்கு வழிவதை நாலைந்து வரியில் எழுதி, அதை ஒரு பொட்டலமாகக் கட்டி, எங்கே வேண்டுமானாலும் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று வைத்தான். புராஜெக்டில் உயிர் என்று இருந்தது அந்த நாலைந்து வரிதான். நான் அட்டைப்படம் வரைந்தேன். நன்றாகத்தான் வரைந்தேன்.

எங்களுக்குள் ஒரே சண்டை, கணக்கில் எத்தனை பாத்தி வைப்பது என்பது. நான் மூன்று என்றேன், அவன் நாலு என்றான். "கணக்கு சீக்கிரம் முடியணும்டா" என்பது என் வாதம். "உங்கப்பாகிட்ட போய் மூணு பாத்தி போதும்னு சொல்லு பாக்கலாம்" என்பது அவனுடையது. கடைசியில் மூன்றாகவே விட்டோம். தட்டச்சுக்குக் கொடுக்க நேரமாகிவிட்டது.

அட்டையில் இரண்டு பெயர். மேலே அன்சாரி, கீழே நான். ஆங்கில அகர வரிசை.

4

ஜெர்மனிக்குப் படிக்க வந்து, முடித்து, வேலை தேடியபோது இந்த வாரியத்தில் பழைய சி.எஸ்.எம்.பி. தெரிந்த ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. உலகத்திலேயே எனக்கென்று வந்த ஒரே விளம்பரம். நேர்காணலுக்கு புராஜெக்ட் அறிக்கையின் நகலைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

நகலெடுக்கும் கடையில் அட்டையைக் கண்ணாடியின் மேல் வைத்தேன். வைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு பெயர் இருந்தால், இதில் நீங்கள் எந்தப் பாதி என்று கேட்பார்கள். அட்டைப்படப் பாதி என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? பக்கத்தில் வெள்ளைத்தாள் கிடந்தது. விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து அன்சாரியின் பெயர் மேல் வைத்து மூடியை மூடிப் பித்தானை அழுத்தினேன். பச்சை வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போயிற்று. அவ்வளவுதான். அவ்வளவு சுலபம் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

நேர்காணலில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். உப்பு செய்கிறார் என்று ஜெர்மனில் சொல்ல வேண்டும். உப்புக்கு 'ஸால்ட்ஸ்'. நடுக்கத்தில் 'ஷ்மால்ட்ஸ்' என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பன்றிக் கொழுப்பு என்று பொருள். அப்பாவும் புள்ளையுமாக வெயிலில் காயவைத்துக் கடற்கரையோரம் பன்றிக் கொழுப்பு எடுப்பதாக மூன்று பேர் நம்பி, மரியாதையாகத் தலையசைத்தார்கள். பாத்தி பாத்தியாக எடுப்போம் என்று நான் வேறு விளக்கினேன். வேலை கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து அன்சாரி கடிதம் போட்டான். சவூதியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஒரு வேலை இருக்கிறது, அவனிடமிருந்த அறிக்கை மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டுவிட்டது, என்னுடையதில் ஒரு நகல் அனுப்பு என்று. நண்பனுக்கு உதவும் ஆனந்தத்தில் அன்றே உறையில் போட்டு அனுப்பினேன். எந்த நகலை அனுப்பினேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. அவன் ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

"டேய் கலியா, என் பேரு எங்கடா?"

மன்னிச்சுடுடா என்று சொல்லியிருக்கலாம். பயந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் ஜோக் வரும்.

"ஆறு எழுத்துக்கு மேல போயிடுச்சுடா. மெசின் ஏத்துக்கல."

பூத்தின் மீட்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக ஆங்கிலத்தில் சொன்னான். ஏ, என், எஸ், ஏ, ஆர், ஐ.

"எண்ணிக்கினியா?" என்றான். வைத்துவிட்டான்.

5

அந்த வாரம் வேலையில் ஒரு சிக்கல். மாடல் சொல்லும் நேரத்துக்கு வராமல், முன்னாலும் பின்னாலுமாகத் தண்ணீர் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வயலில் பெய்த மழை சிறு வாய்க்கால், நடு வாய்க்கால், பெரிய வாய்க்கால் என்று நின்று நின்று வருவதை மாடல் சரியாகப் பிடிக்கவில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, இது நம் பாத்தி. அன்சாரியின் நாலைந்து வரியை எடுத்து உள்ளே வைத்தேன். அங்கே காய்ந்து உப்பானது, இங்கே காயாமல் ஓடிப்போகிறது, மற்றபடி ஒரே கணக்கு. கிட்டத்தட்டச் சரியாக வந்தது. அந்தப் பொட்டலத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமே. ஆறு எழுத்து. ANSARI என்று வைத்தேன்.

அதை மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டேன். அவனுக்குத் தெரியவே தெரியாத மன்னிப்பு.

அடுத்த கூட்டத்தில் பெரியவர் ஒருவர், ANSARI என்பது எதன் சுருக்கம் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இன்னொருவர், முதல் எழுத்து நீரோட்டமாக இருக்கும் என்றார். அடுத்தவர், ஆமாம், இரண்டாவது மழையளவு என்றார். பத்து நிமிடத்தில் ஆறு எழுத்துக்கும் ஆறு ஜெர்மன் சொற்கள் பிடித்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் கூட்ஸ் வண்டி நீளம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிகச் சரி என்றேன். கோட்டக்குப்பத்துப் பையன் ஒருவன் அன்றைக்கு வடிகால் தொழில்நுட்பமாகப் பதவி உயர்வு பெற்றான்.

வீட்டிலும் அந்தப் பெயர் நுழைந்துவிட்டது. ஹீட்டர் திருகினால் அறை சூடாக அரை மணி ஆகும். "இரு, அது அன்சாரி" என்பேன். தபாலில் போட்ட மனுவுக்குப் பதில் வராவிட்டால் அன்சாரி. சாதம் வேகாவிட்டால் அன்சாரி. செய்வதற்கும் நடப்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி எதுவானாலும் அந்தப் பெயர்தான். என் மனைவி சுமதிக்கு விஷயம் தெரியும், ஒன்றும் சொல்ல மாட்டாள். இனியா அதைத் தமிழ் வார்த்தை என்றே நினைத்து வளர்ந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் "கொஞ்சம் அன்சாரி பண்ணுங்க டீச்சர், எழுதிட்டிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் திருநெல்வேலிக்காரர். வட மாவட்டத்து வழக்கு போலிருக்கிறது என்று குறித்துக்கொண்டாராம்.

ஊர் நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் அன்சாரியும் இருக்கிறான். சவூதியிலிருந்து திரும்பி, கோட்டக்குப்பத்தில் கேன் தண்ணீர் பிளான்ட் வைத்திருக்கிறான். எல்லார் ஜோக்குக்கும் கட்டைவிரல் போடுவான். என்னுடையதுக்கு மட்டும் போட மாட்டான். இத்தனைக்கும் என் ஜோக்குகள் நல்லவை.

6

இப்போது படிவத்துக்கு வருகிறேன். புதிய மாடலுக்கான பட்டியலை ஃப்ராவ் யான்ஸன் என்ற அம்மாள் தயாரித்தார். கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார். வரிசையாகப் பெயர், பொருள், எழுதியவர். ANSARI என்ற வரியில் அந்த ஆறு கூட்ஸ் வண்டிகளும் நின்றன. பக்கத்தில் எழுதியவர் என்ற கட்டத்தில்: கலியபெருமாள்.

பேனாவைத் திறந்தேன், மூடினேன். அதே பச்சை வெளிச்சம் இன்னொரு தடவை முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. முதல் தடவையாவது பயத்தில் செய்தேன். இந்தத் தடவை பயமில்லை, சம்பளம் வருகிறது, பென்ஷன் வரப்போகிறது. இப்போது கையெழுத்துப் போட்டால் அதற்குப் பெயர் வேறு.

"இது சுருக்கமில்லை. ஒரு மனிதருடைய பெயர்" என்றேன்.

ஃப்ராவ் யான்ஸன் கண்ணாடியைக் கழற்றினார். "மனிதரா?"

"நண்பர். இதை எழுதியவர் அவர்தான்."

"இருபத்தாறு வருடமாக எங்கள் மதகுகளை உங்கள் நண்பர் திறக்கிறாரா?"

"மூடவும் செய்கிறார்."

அவர் சிரிக்கவில்லை. இந்த ஊரில் ஒரு மனிதனின் பெயர் என்றால் அது அவனுடைய சொந்தத் தகவல். அவன் எழுத்தில் சம்மதிக்காமல் ஆவணத்தில் வைத்திருக்கக் கூடாது. கீழ்டிராயரைத் திறந்து அந்த நான்கு பக்கத்தை எடுத்தார். "உயிரோடு இருக்கிறாரா?"

"வாட்ஸாப்பில் இருக்கிறார்."

அடுத்த மாதக் கடைசிக்குள் சம்மதம் வராவிட்டால் பெயரை எடுத்துவிட்டு 'தாமதம் ஒன்று' என்று வைத்துவிடுவோம், எழுதியவர் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

மூன்று வாரம் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சி.எஸ்.எம்.பி. எந்த வரிசையையும் அடுக்கும் என்று சொன்னேன் அல்லவா, அதற்கும் அடுக்க முடியாத ஒன்று உண்டு. இது தெரிய அது தெரிய வேண்டும், அது தெரிய இது தெரிய வேண்டும் என்று இரண்டு வரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றால், சுற்றிச் சுற்றி வருகிறது என்று பிழை காட்டி நின்றுவிடும். அவன் பேசினால் நான் பேசுவேன், நான் பேசினால் அவன் பேசுவான். அதை அவிழ்க்க ஒரு வழி, யாராவது ஒருவர் பக்கம் ஒரு ஆரம்ப மதிப்பை எழுதுவது. சரியோ தப்போ, ஏதோ ஒன்று. வாரியத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு இதை நான் பாடமே எடுத்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை சோபாவில் உட்கார்ந்து எண்ணை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இனியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். "யாருக்குப்பா?"

"அன்சாரிக்கு."

"அது... ஆளா?"

முழுக் கதையும் சொன்னேன். ஜோக் சேர்த்துத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "பத்தொன்பது வருஷமா நான் ஒரு அங்கிள் பேர வெச்சு ஹீட்டரத் திட்டிட்டு இருந்தனா?" என்றாள். என் கையிலிருந்த போனை வாங்கிப் பச்சைப் பித்தானை அழுத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கோட்டக்குப்பத்தில் அப்போது மத்தியானம். நான்காவது மணியில் எடுத்தான். பின்னால் கேன் உருளும் சத்தம்.

"யாரு?"

"நான்தான்டா. கலியா."

கேனை ஓரமாக நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. "சொல்லு" என்றான்.

படிவம், மாடல், மதகு, ஃப்ராவ் யான்ஸன் என்று முன்பின்னாகக் கொட்டினேன். நடுவில் இரண்டு ஜோக் வேறு. பதற்றத்தில் அவன் சம்மதிக்காவிட்டால் வடக்கு ஜெர்மனியே முழுகிவிடும் என்று கூடச் சொல்லிவிட்டேன்.

"கலியா, நிறுத்து" என்றான். "ஜோக் அடிக்காம ஒரு நிமிசம் பேசு. கடியாரம் பாக்குறேன்."

ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. இனியா வாசல் சட்டத்தில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் பேரு மேல பேப்பர் வெச்சு மறைச்சேன்டா" என்றேன். "நல்லதெல்லாம் நீ எழுதினது. கேட்டுட்டா மாட்டிக்குவேன்னு பயம். அப்பால உனக்கே அத அனுப்பி, கேட்டதுக்கு நக்கல் பண்ணேன். மன்னிச்சுக்கோன்னு சொல்லத் தெரியல. இப்பவும் தெரியல."

"ம்" என்றான். "பேப்பரு வெச்சியா? நான் ஒயிட்னர் போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

"ஒயிட்னர் ஒரிஜினலக் கெடுத்துடும்டா."

"அந்த வரைக்கும் நல்லவன்."

அவன் சிரித்தானா தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை, சத்தியமாக. இனியா போனை என்னிடமிருந்து வாங்கினாள். "அங்கிள், நான் இனியா. நீங்க ஒரு வார்த்தைன்னு நெனச்சிருந்தேன். மன்னிச்சுக்கோங்க" என்றாள். வார்த்தைக்கு அர்த்தத்தையும் அவளுடைய ஜெர்மன் வாடைத் தமிழில் விளக்கினாள். அந்தப் பக்கம் யாரோ கேன் வேண்டும் என்று கேட்டார்கள். "இருங்க பாய், அன்சாரி பண்ணுங்க" என்று அவனே சொல்வது எனக்குக் கேட்டது. அப்புறம் அவனுக்குச் சிரிப்பு வந்து இருமல் ஆகிவிட்டது.

போன் திரும்ப என்னிடம் வந்தது. குரல் மாறியிருந்தது. "டேய், அதுல எத்தன பாத்தி வெச்சிருக்க?"

"மூணு."

"இன்னும் மூணா! நாலு வெச்சாதான்டா வரும். அப்பவே சொன்னேன். சவூதில எத்தன தொட்டி பாத்திருக்கேன் தெரியுமா? நாளைக்குப் போயி நாலு வெச்சுப் பாரு."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம."

"அப்ப திங்கக்கெழம. ஃபாரத்த அனுப்பு, படிச்சுப் பாக்குறேன்."

7

திங்கட்கிழமை முதல் வேலையாக நாலு வைத்துப் பார்த்தேன். போன குளிர்காலத்துப் பெருமழையின் அளவுகளை ஓட்டினேன். மாடல் போட்ட கோடு, உண்மையில் அளந்த கோட்டின் மேல் போய் அப்படியே படிந்தது. இருபத்தாறு வருடமாக நான் ஒரு பாத்தி குறைவாக வைத்து, மிச்சத்துக்கு மண்ணின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

படிவத்தின் நான்கு பக்கத்தையும் நானே தமிழில் எழுதி அவனுக்கு அனுப்பினேன். சுமதி படித்துப் பார்த்து எட்டு இடத்தில் திருத்தினாள். ஜெர்மன் படிவத்தில் அவன் எந்தக் கட்டத்தில் குறி போட வேண்டும் என்று அம்புக்குறி வேறு போட்டிருந்தேன். பத்து நாள் கழித்துக் கூரியரில் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டம். மேலே 'சம்மதிக்கிறேன்', கீழே 'மறுக்கிறேன்'. என் அம்புக்குறி மேலே காட்டிக்கொண்டிருந்தது. குறி கீழே இருந்தது.

அதற்கும் கீழே, விரும்பினால் காரணம் எழுதலாம் என்று இரண்டு வரி இடம் விட்டிருப்பார்கள். ஜெர்மனியில் யாரும் அதை நிரப்பி நான் பார்த்ததில்லை. அவன் தமிழில் எழுதியிருந்தான்: "ஆளு உசுரோட இருக்கேன். பேரு எதுக்கு? எடுத்துட்டு கூப்புடு."

ஃப்ராவ் யான்ஸன் குறியைப் பார்த்துவிட்டு, "வருத்தமாக இருக்கிறது, உங்கள் நண்பர் மறுத்துவிட்டார்" என்றார். அந்த இரண்டு வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொல்ல முயன்றேன். 'உசுரு' வரைக்கும் வந்தேன், அதற்கு மேல் ஜெர்மன் கைவிட்டுவிட்டது. அவர் வேறு பக்கம் திரும்பிக் கோப்புகளை அடுக்கினார்.

பட்டியலில் எழுதியவர் கட்டத்திலிருந்த என் பெயரை நானே கோடு போட்டு அடித்தேன். அங்கே என்ன எழுதுவது என்றார். வெற்றாகவே இருக்கட்டும் என்றேன். ஒரு கட்டம் வெற்றாக இருந்தால் இந்த ஊர் அதிகாரிகளுக்குத் தூக்கம் வராது. ஆனாலும் அவர் ஒத்துக்கொண்டார்.

அப்புறம் உட்கார்ந்து பெயரை எடுத்தேன். பதினேழு இடத்தில் இருந்தது. இயந்திரத்தையே தேடி மாற்றச் சொல்லியிருக்கலாம், ஒரு நொடியில் முடிந்திருக்கும். நான் ஒவ்வொன்றாகத் தேடிப் போய், கர்சரை வைத்து, ஆறு தடவை அழித்து, 'தாமதம் ஒன்று' என்பதன் சுருக்கத்தை அங்கே வைத்தேன். பதினேழாவது இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. மதகுகள் அதே நேரத்துக்குத் திறந்தன.

போனை எடுத்தேன். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தான்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்டா."

"எல்லா எடத்துலயும்?"

"எல்லா எடத்துலயும்."

"சரி" என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "இப்ப பேசு."